பக்கத்திலேயே எழுதிவைத்த விளக்கம்

ஸ்பிங்க்ஸ் ஒரு கட்டற்ற மென்பொருள். நிரலுக்குள் எழுதப்பட்ட குறிப்புகளையும், தனிக் கோப்புகளில் எழுதிய பக்கங்களையும் ஒன்றுசேர்த்து, பொருளடக்கமும் சொல்லடைவும் கொண்ட கையேடாக அது தொகுத்துத் தருகிறது. பைத்தான் மொழியின் கையேட்டுக்காக கியோர்க் பிராண்டல் என்ற ஜெர்மானிய நிரலர் இதை எழுதினார். முதல் பதிப்பு 2008 மார்ச்சில் வெளிவந்தது. அதற்கு முன் பைத்தான் கையேடு லாடெக் வடிவில் இருந்தது. அச்சுக்கு மிக நல்ல வடிவம்தான். ஆனால் லாடெக் அறியாத ஒருவர் அதில் ஒரு வாக்கியத்தைத் திருத்தவும் தயங்கினார். ஸ்பிங்க்ஸ் ஏற்றுக்கொண்ட எளிய உரைவடிவத்தை அப்படியே படிக்கலாம், எந்த உரைத்தொகுப்பியிலும் திருத்தலாம். திருத்த முன்வருவதற்கு இருந்த தடை இதனால் குறைந்தது. 2016 முதல் லினக்ஸ் கருநிரலின் ஆவணங்களும் ஸ்பிங்க்ஸுக்கு மாறத் தொடங்கின.

வேலை நடக்கும் விதம் சிக்கலானதன்று. அமைப்புக் கோப்பு ஒன்றும், எந்த அத்தியாயத்தின் பின் எது வரவேண்டும் என்று சொல்லும் முகப்புக் கோப்பு ஒன்றும் போதும். ஒரே கட்டளையில் இணையப் பக்கங்கள் உருவாகும். வேறொரு கட்டளையில் பிடிஎஃப், இன்னொன்றில் மின்னூல். இதன் துணைக்கருவிகளில் தலையாயது ஆட்டோடாக். அது நிரலைத் திறந்து, ஒவ்வொரு செயற்கூற்றின் தலைப்பிலும் எழுதியிருக்கும் டாக்ஸ்டிரிங் என்னும் விளக்கத்தை எடுத்து, கையேட்டில் உரிய இடத்தில் வைக்கிறது.

இதன் அருமை ஓர் எடுத்துக்காட்டில் தெளிவாகும். காஞ்சிபுரம் என்ற ஊர்ப்பெயரின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 11 என்று பதில் வரும். தமிழ் படித்த குழந்தை 6 என்று சொல்லும். இரண்டும் சரிதான்: ககரத்தையும் அதன் துணைக்காலையும் யூனிகோடு தனித்தனிக் குறிகளாக வைத்திருக்கிறது, ஞகரத்தையும் அதன் புள்ளியையும் அப்படியே. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் செயற்கூறு உண்டு. இப்படிப்பட்ட செயற்கூற்றின் டாக்ஸ்டிரிங்கில் ‘காஞ்சிபுரம் கொடுத்தால் 6 எழுத்துகள் வரும்’ என்று மாதிரி ஒன்றை உரிய முறையில் எழுதிவைத்தால், படிப்பவருக்கு அது விளக்கம். டாக்டெஸ்ட் என்ற கருவிக்கோ அது சோதனை. கருவி அந்த மாதிரியை உண்மையிலேயே இயக்கிப் பார்க்கும். நாளை எவரோ நிரலை மாற்றி விடை 11 ஆகிவிட்டால், கையேடு பொய்யாகிவிட்டது என்று உடனே அறிவிக்கும். ஆவணங்கள் கெடுவது பெரும்பாலும் எழுதாமல் விட்டதால் அன்று, எழுதியபின் நிரல் மட்டும் நகர்ந்துபோனதால்தான். அந்த நோய்க்கு இதைவிட நல்ல மருந்து அரிது.

விளக்கம் பொருளின் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்ற கருத்துக்குக் காஞ்சியிலேயே பழைய சான்று உண்டு. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நந்திவர்மன் சிறுவயதில் அரியணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட காட்சிகளின் அருகில் கல்லிலேயே குறிப்பு வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதியை ஆய்வாளர் உறுதியோடு படிக்கிறார்கள். குறிப்பில்லாத சிற்பங்களில் இருப்பவர் எந்த அரசர், நடப்பது எந்தப் போர் என்பதை ஊகித்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. ஆய்வாளர் சி. மீனாட்சி தம் நூலில் அந்த வரிசையை அரசர் அரசராக அடையாளம் காண எடுத்த உழைப்பு, உடன் எழுதிவைக்காத விளக்கத்தைப் பின்னால் வந்தவர் மீட்க எவ்வளவு பாடுபடவேண்டும் என்பதைக் காட்டுகிறது.

ஸ்பிங்க்ஸால் இல்லாத குறிப்பை உண்டாக்க முடியாது. டாக்ஸ்டிரிங் எழுதாத நிரலை அதனிடம் கொடுத்தால், பெயர்ப்பட்டியல் ஒன்றை அழகாக அடுக்கித் தரும். புதிதாக வருபவருக்கு அதனால் பயன் இல்லை. முழுக்க டாக்ஸ்டிரிங்கால் ஆன கையேடும் குறையுடையதே. எங்கே தொடங்குவது, எதை எப்போது பயன்படுத்துவது, எதைத் தவிர்ப்பது என்பதெல்லாம் ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டிய பக்கங்கள்.

தமிழில் கையேடு எழுதுவோருக்கு ஸ்பிங்க்ஸ் பாதி வழி வந்திருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைத் தேர்ந்தால் பக்கத்தின் நிலையான தலைப்புகளுக்குத் தமிழ் கிடைக்கும். ஆங்கிலக் கையேட்டை மொழிபெயர்க்க கெட்டெக்ஸ்ட் என்ற வழி இருக்கிறது: பத்தி பத்தியாகப் பிரித்துத் தரும், மூலம் மாறிய பத்தியை மட்டும் மறுபடி கேட்கும். பிடிஎஃப் வேண்டுமென்றால் இயல்பான லாடெக் இயந்திரத்தை விட்டு ஸீலாடெக்குக்கு மாறி, தமிழ் எழுத்துருவைக் குறிப்பிடவேண்டும். மீதிப் பாதியில் கடினமானது தேடல். ஸ்பிங்க்ஸின் தேடல் ஆதரிக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. சொற்களைப் பிரிக்க அது நம்பியிருக்கும் பைத்தான் விதி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ஆகவே காஞ்சிபுரம் அதன் கையில் க, ஞ, ச, ப, ரம என்று உதிர்ந்துபோகிறது. தமிழ்க் கையேட்டில் தேடுபவருக்குத் தேவையற்ற பக்கங்கள் வந்து குவிவது இதனால்தான். வேற்றுமை உருபுகள் இன்னொரு தடை. கோயிலில், கோயிலுக்கு, கோயிலின் என எழுதிய பக்கங்கள் எல்லாம் கோயில் என்ற ஒரு சொல்லுக்கு அகப்படவேண்டும்.

இவற்றைத் தீர்க்கத் தமிழும் நிரலும் ஒருங்கே தெரிந்தவர்கள் வேண்டும். அத்தகையோர் கூடும் இடங்களும் உண்டு. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் இணையவழியில் கூடுகிறது, எவரும் சேரலாம். 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதிவருகிறது; அதைச் சூழ்ந்த முயற்சிகளால் கணினி நூல்கள் பல கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்துள்ளன. நிரலை எழுதுவதற்கு இணையான பணி அதை விளக்குவது என்பதை இந்த வட்டம் நெடுநாளாகச் செயலில் காட்டிவருகிறது.

தேடலுக்குத் தேவையான உறுப்புகளில் ஒன்று ஏற்கனவே கையில் இருக்கிறது. சொல்லின் விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைத் தரும் ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கான விதிகள் சேர்ந்துவிட்டன. ஸ்பிங்க்ஸ் தன் பிற மொழிகள் பலவற்றுக்கு நம்பியிருப்பதும் அதே தொகுப்பைத்தான். இனி எழுதவேண்டியது, உயிர்மெய்யை உடைக்காமல் சொல்லைப் பிரிக்கும் ஒரு சிறு வகுப்பும், அந்த விதிகளோடு அதை இணைக்கும் சில வரிகளும், அவற்றின் தலைப்பில் ஒரு டாக்ஸ்டிரிங்கும்.