முதிரை நிலை

எங்கட பக்கம் ஒரு வீட்டைப் பற்றிக் கதைக்கேக்க, எத்தனை அறை எண்டு கேட்கிறதுக்கு முதல் நிலை என்ன மரம் எண்டு கேட்பினம். முதிரை எண்டால் அதுக்குமேல கேள்வி இல்லை.

2010இல் நாங்கள் வன்னிக்குத் திரும்பிப் போனபோது அம்மப்பா கட்டின வீட்டில் சுவர்கள் மட்டும்தான் நின்றன. கூரையும் கதவும் கழற்றக்கூடியவை, சரி. ஆனால் நிலைகளை எடுக்கச் சுவரையே இடித்திருந்தார்கள். யார் எண்டு தெரியாது. ஒரு மரச்சட்டத்தில் அப்பிடி என்னதான் இருக்கு எண்டு கனகாலம் யோசிச்சிருக்கிறன்.

கம்பஸ் லீவுகளில், தச்சு வேலை செய்யிற பெரியப்பாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்துதான் கொஞ்சம் விளங்கினது. எலுமிச்சை, விளா, கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்த குடும்பத்து மரம் முதிரை. உலர்வலயக் காட்டில் மெல்ல மெல்ல வளரும். வைரம் இறுகிப்போய், காய்ந்த பிறகும் ஒரு கனமீற்றர் 900 கிலோவுக்குக் கிட்ட நிறுக்கும். கறையான் லேசில் அண்டாது. வேலைக்கு மட்டும் பொல்லாத மரம். நார் ஒரு பக்கமாய் ஓடாது; ஒரு படை இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம். சீவுளி வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த அங்குலத்தில் நாரைப் பிய்த்துவிடும். நாலு தரம் தள்ளினால் ஒருக்கா தீட்டவேணும். தூள் பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும், அதால பெரியப்பா முழுக்கைச் சேட்டோடதான் அறுப்பார்.

அழகும் அந்த மாறிச் சாயிற நாரில்தான் இருக்கு. தேய்த்து மினுக்கினால் பொன்மஞ்சளில் வரிகள் தெரியும். தலையைச் சரிச்சுப் பார்த்தால் வரிகளும் இடம் மாறும், பட்டுச்சேலை மாதிரி. ஆங்கிலத்தில் சாட்டின்வுட் எண்ட பேர் அதாலதான். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஆங்கிலேயர் 1833இல் கட்டின பாலமும் முதிரைதான். 200 அடிக்கு மேல், ஒரே வளைவு. 1905 வரை நின்றது. எத்தனை மரம் அதுக்குள்ள போயிருக்கும்!

இப்ப வீட்டைத் திரும்பக் கட்டுறம். முன்வாசலுக்காவது முதிரை வேணும் எண்டது அப்பாவின்ட ஆசை. வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேணும். பத்திரத்தோட வாற மரத்தின் விலை எங்களுக்கு எட்டாது. இரவில் கொண்டுவந்து இறக்கித்தாறன் எண்டு ஒருத்தர் பாதி விலை சொன்னார். அப்பா ரெண்டு நாள் ஒண்டும் பேசேல்லை. ஓம் எண்டிடுவாரோ எண்டு எனக்குப் பயம். ஆனால் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லவும் வாய் வரேல்லை. அம்மாதான் சொன்னா: "எங்கட நிலையும் இப்பிடித்தானே இரவில ஆரின்டையோ வாசலுக்குப் போயிருக்கும்."

யன்னல்களுக்குச் சீமெந்து நிலை. முன்வாசலுக்கு எங்கட வளவில் நின்ற வேம்பு. இதுக்கு உளி தீட்டவே தேவையில்லை எண்டு பெரியப்பா பகிடி விட்டார். அப்பா சிரிக்கேல்லை. நிலை வைக்க தையில் நாள் பார்த்திருக்கு.