விட்டுப்போன ஓர் எண்

போன வாரம் வாட்ஸப்பில் மூன்று குழுக்களிலிருந்து ஒரே செய்தி வந்தது. 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் 2520-ஐ நம் ராமானுஜன் கண்டுபிடித்தாராம். அது சாதாரண மீ.பொ.ம. கணக்கு ஐயா! பாகூர்ப் பக்கம் முப்பது வருஷம் கரும்பலகையில் போட்டவன் சொல்கிறேன்.

அவர் செய்தது வேறு. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிக வகுத்திகள் உள்ள எண்களைத் தேடினார். 12-க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எதற்கும் அத்தனை கிடையாது. 24, 60, 360 எல்லாம் இந்த ஜாதி. 2520-உம்தான். 1915-இல் இதைப் பற்றிய நீண்ட கட்டுரை லண்டன் கணிதக் கழக இதழில் வந்தது. இங்கே எஃப்.ஏ. தேறாதவருக்கு, இந்த ஆராய்ச்சிக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது.

கட்டுரையில் இப்படிப்பட்ட 102 எண்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். கணிப்பொறி இல்லாத காலம். அதில் ஒன்று விட்டுப்போயிற்று என்று பிற்பாடு தெரிந்தது. அந்த எண் 293318625600. நம் வழக்கில், 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

நாள்காட்டி கிழித்த தாளின் பின்பக்கம் அதைப் பிரித்துப் பார்த்தேன். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5040. அந்த 5040-உம் இதே ஜாதி எண்! இன்னொன்று கேளுங்கள். விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் 6746328388800 வருகிறது. அவர் பட்டியலின் கடைசி எண் அதுதான். பிள்ளையை எழுதிவிட்டுத் தாயை விட்டுவிட்டார்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணம் ராமானுஜன் இல்லை.

ஒரு சமயம் ஏழாம் வகுப்புத் தேர்வில் 360-இன் வகுத்திகள் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். மொத்தம் 24. ஒரு பையன் 23 எழுதியிருந்தான். 8-ஐ எழுதியவன் அதன் ஜோடி 45-ஐ விட்டுவிட்டான். "எல்லாம்னா எல்லாம்தான்டா" என்று சொல்லி சைபர் போட்டேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அவனுக்கு இப்போது கடைத்தெருவில் உரக்கடை. தலை நரைத்துவிட்டது. மறுநாள் காலை ஏரிக்கரை நடை முடிந்து நேரே அங்கே போனேன். ஸ்டூல் போட்டு உட்கார வைத்து டீ சொன்னான். ராமானுஜன் ஒரு எண்ணை விட்ட கதையைச் சொன்னேன். பழைய தேர்வைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, தைரியம் வரவில்லை.

பில் எழுதிக்கொண்டே கேட்டவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நான் விட்டது 45 சார்."