விராலும் குஞ்சுகளும்

லேக் மார்க்கெட்டுத் தமிழருக்கு மீன்பிடித்தல் கரையில் நின்று காணும் வேடிக்கை. தூண்டிற்கோலைச் ‘சிப்’ என்னும் வங்காளியர்க்கோ அது தவம். சென்ற வைகாசியில் அலுவலக நண்பர் தாதா ஒருவர், நம்மையும் நம் மகனையும் நகரின் கிழக்கே ஒரு குளத்திற்கு அழைத்துச் சென்றார். 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற 12,500 ஹெக்டேர் ஈரநிலத்தை அடுத்த சிறுகுளம். கரையெங்கும் கோரை, நடுவில் ஆகாயத்தாமரை.

புல்லிடையே செந்நிறக் குஞ்சுக் கூட்டமொன்று நீரைக் கலக்கிற்று. அவர்கள் ‘ஷோல்’ என்னும் விரால், குஞ்சுகளுக்கு அடியிலேயே காவல் நிற்கும். அருகில் எது வரினும், பசி இல்லாவிடினும், பாயும். அதையறிந்தே தாதா தவளையைக் கோத்துக் கோலை நம்மிடம் தந்தார்.

எறிந்தோம். நீர் வெடித்தது. முழங்கை நீள விரால்! வாழ்நாளின் முதல் மீன், பெருமிதத்தை மறைப்பானேன்?

“அப்பா, குஞ்சுகளை இனி யார் பார்த்துப்பாங்க?” என்றான் மகன்.

மாற்றல் உத்தரவுக்கு அஞ்சி, மூன்று வயதில் அவனைப் பாட்டியிடம் விட்டு ஈராண்டு இங்கிருந்தவர் நாம். அவனுக்கு அது நினைவில்லை என்றே எண்ணியிருந்தோம்.

முள்ளைக் கழற்றி மீனை நீரில் விட்டோம். குஞ்சுகள் அதற்குள் சிதறியிருந்தன. இருட்டும்வரை கரையில் நின்றும் அவை கூடக் காணோம். மாங்காயிட்ட ஷோல் குழம்புக்கு வீட்டில் சொல்லிவிட்டு வந்த தாதா, பேருந்தில் வாய் திறக்கவில்லை.