சாமான் வண்டியில் ஒரு குடும்பம்

மோட்டார் வண்டி வாங்குகிறவனைப் பார்த்து, "உமக்கு இது எதற்குப் பயன்படும்?" என்று நம்மவர் கேட்பதில்லை. "என்ன கார்?" என்றுதான் கேட்பர். 1996ஆம் ஆண்டில் நான் ஒரு வேனை வாங்கிவந்து கிள்ளானில் என் வீட்டு வாசலில் நிறுத்தியபோது அந்தக் கேள்வியும் எழவில்லை. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று, "வியாபாரம் ஏதும் தொடங்குகிறீர்களோ?" என்றார்.

வியாபாரம் ஒன்றும் இல்லை. வீட்டில் நாங்கள் எழுவர். நான், என் மனைவி, பிள்ளைகள் நால்வர், என் தாயார். ஒரு சாதாரண காரில் ஐவர் அமரலாம். ஆகவே எங்கே புறப்பட்டாலும் இருவர் வீட்டில் தங்க வேண்டும். அல்லது நான் இரண்டு நடை போக வேண்டும். தங்குகிறவர் எப்பொழுதும் அம்மாவாகவே இருந்தார். "எனக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்பார். உடம்பு நன்றாகவே இருந்தது என்பதை நாங்கள் அறிவோம். நாங்கள் அறிவோம் என்பதை அவரும் அறிவார். இந்தப் பொய்க்கு ஒரு முடிவு கட்ட வேண்டுமென்றே, சீட்டெடுத்த பணத்தோடு கொஞ்சம் கடனும் சேர்த்து, காய்கறி வியாபாரி ஒருவரிடமிருந்து அந்தப் பழைய நிஸான் வானெட்டை வாங்கினேன். முதல் ஆறு மாதம் அதில் வெங்காய வாசனை போகவில்லை.

அவ்வண்டியை அறியாதார் மலேசியாவில் குறைவு. சி22 என்னும் குறியுடைய அவ்வகை 1985ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்தது. பின்னர் நம் நாட்டிலும் பொருத்தப்பட்டு, பள்ளிப்பிள்ளைகளை ஏற்றவும், ரொட்டி விற்கவும், குடும்பத்தோடு ஊர் போகவும் பல்லாண்டு உழைத்தது. அதற்கு மூக்கு கிடையாது. 1,500 கன சென்டிமீட்டர் அளவுள்ள எந்திரம் சாரதியின் இருக்கைக்கு அடியில் இருக்கும். எண்ணெய் பார்க்க வேண்டுமானால் இருக்கையைத் தூக்க வேண்டும். நீண்ட பிரயாணத்தில் தொடை வெதுவெதுக்கும். ஆயினும் எந்திரத்துக்கென்று முன்னே தனி இடம் விடாததால், வண்டியின் நீளம் ஏறக்குறைய முழுவதும் மனிதருக்கும் சாமானுக்குமே கிடைத்துவிடுகிறது. நீளத்தில் ஒரு காரை ஒத்த வண்டிக்குள் எட்டுப் பேர் அமர முடிந்தது இந்தத் தந்திரத்தினால்தான்.

சாமான் வண்டியில் குடும்பத்தை உட்கார வைக்கும் யோசனை நம் நாட்டில் பிறந்ததன்று. பென் பான் என்னும் டச்சு வர்த்தகர் 1947ஆம் ஆண்டில் தம் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பெட்டி வண்டியின் படத்தைக் கோடுகளால் வரைந்தார். அதுவே 1950இல் ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் தொழிற்சாலையில் வேனாக உருக்கொண்டது. வாரநாளில் சரக்கு, ஞாயிற்றுக்கிழமையில் இருக்கைகளைப் பொருத்திக்கொண்டு பிள்ளைகுட்டிகள் என்று ஐரோப்பியர் அதை உபயோகித்தனர். அவர்களுக்கு அது இழிவாகத் தோன்றவில்லை. நமக்குத் தோன்றிற்று.

என் மைத்துனரின் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது அவர் என்னைத் தனியே அழைத்து, "மச்சான், தவறாக நினைக்க வேண்டாம். வண்டியை மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்திவிடுங்கள். பெண் வீட்டார் சாமான் வண்டியில் வந்து இறங்கினார்கள் என்று பேச்சு வரும்" என்றார். நான் பின்னால் நிறுத்தினேன். பின்னால் சமையற்காரர்களின் வேன் இரண்டு நின்றன. என் பிள்ளைகள் அண்டாக்களுக்கு நடுவே இறங்கி நடந்தார்கள். விருந்து முடிந்து, மிஞ்சிய சோறும் பாத்திரங்களும் வாடகை நாற்காலிகளும் ஊர் திரும்ப வேண்டிய வேளை வந்தபோது, அதே மைத்துனர் என்னைத் தேடிக்கொண்டு பின்புறம் வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வெட்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. நாங்கள் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர்கள். அங்கே சனங்களை ஏற்றிச் சென்றது லாரி. வேலைக்காட்டுக்கு லாரி, பட்டணத்துப் பள்ளிக்கு லாரி, ஆஸ்பத்திரிக்கும் லாரி. மேலே கூரையில்லை, உள்ளே ஆசனமில்லை, பக்கப் பலகையைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். காலையில் எங்களை இறக்கிவிட்டு அதே லாரி உர மூட்டையை ஏற்றும். என் தாயார் முப்பதாண்டுக் காலம் டயரின்மேல் கால் வைத்து அதில் ஏறியவர். அப்படி வளர்ந்தவன் முன்னேறினால், சரக்கின் வாடையே இல்லாத ஒரு காரில் ஏறி உட்கார ஆசைப்படுவதில் வியப்பில்லை. என் மைத்துனரை நான் பின்னர் குறை கூறாததற்கு இதுவே காரணம். அவரும் அந்த லாரியில் நின்றவர்தாம்.

ஆனால் லாரியிலிருந்து நாம் கொண்டுவந்த வழக்கம் வேறொன்று உண்டு. அதைப் பற்றி ஒருவரும் வெட்கப்படுவதில்லை. "இடம் இருக்கிறது, ஏறு" என்பதே அது.

வேன் வந்தது முதல் எங்கள் சுற்றத்தார் யாவருக்கும் அது பொதுச்சொத்தாயிற்று. சாவுக்கும் கல்யாணத்துக்கும் பத்துமலைக்கும் அதுதான். எட்டுப் பேர் இருக்கைகளில், சிறுவர் தரையில், ஒரு பிள்ளை மடியில், ஒரு பிள்ளை முன்னிருக்கைகளுக்கு நடுவே. நானும் அதில் பெருமை கொண்டேன் என்பதை மறைப்பானேன்? நம்மால் நாலு பேருக்கு உபகாரம் என்ற மகிழ்ச்சி மனிதனைக் குருடாக்கக் கூடியது.

1999ஆம் ஆண்டில் ஈப்போவில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் பதினான்கு பேர். தஞ்சோங் மாலிமைத் தாண்டிய பின் நெடுஞ்சாலையில் கடும் மழை. எனக்கு முன்னே சென்ற வாகனங்களின் சிவப்பு விளக்குகள் திடீரென்று எரிந்தன. பிரேக்கை மிதித்தேன். எட்டுப் பேருடன் நிற்க வேண்டிய இடத்தில் பதினான்கு பேருடன் அவ்வண்டி நிற்கவில்லை. வழுக்கிச் சென்று, முன்னே நின்ற லாரியின் பின்பலகைக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. மோதல் இல்லை. ஆனால் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே நின்று வேடிக்கை பார்த்துவந்த என் அக்காளின் இளைய மகன், வயது ஆறு, முன்பலகையில் மோதி விழுந்தான். மோவாய் கிழிந்து நான்கு தையல். முன்பற்கள் இரண்டு போயின.

மூக்கில்லாத வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் உண்மையை அன்றுதான் என் உடம்பால் உணர்ந்தேன். மூக்குள்ள காரில் மோதல் நேர்ந்தால் முன்பகுதி நசுங்கி அடியில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். இங்கே சாரதியின் முழங்காலுக்கு முன்னே மெல்லிய தகடும், அதற்கப்பால் சாலையும்தான். இன்னும் ஒரு முழம் வழுக்கியிருந்தால் இக்கட்டுரையை எழுத நான் இருந்திரேன். பிள்ளையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் முதல் ஒரு விதி செய்தேன். இருக்கைகள் எட்டு, மனிதர் எட்டு. மடியில் இருப்பதும் ஒரு மனிதரே. இவ்விதி என் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அக்காள் வந்து சண்டையிட்டாள். தன் மகனின் பல் போனதற்காக அன்று. ஒரு புதுமனை புகுவிழாவுக்குத் தன் மாமியாரை ஒன்பதாவது ஆளாக ஏற்ற நான் மறுத்ததற்காக.

"லாரியில் நாற்பது பேர் போனோமே, தம்பி, செத்தா போனோம்?" என்றாள்.

சிலர் செத்துத்தான் போனார்கள், அக்கா, என்று நான் சொல்லியிருக்கலாம். தோட்டத்துச் சுடுகாட்டில் யார் யார் எதனால் கிடக்கிறார்கள் என்பதை அவளும் அறிவாள். நான் சொல்லவில்லை. "அத்தைக்கு டாக்சி வைத்துத் தருகிறேன்" என்றேன். அதுதான் பெரும் பிழையாயிற்று. சொந்த மனிதருக்கு வாடகைக் கார் பிடிப்பதா? இரண்டு ஆண்டுகள் அக்காள் என் வண்டியில் கால் வைக்கவில்லை. என் வீட்டிலும் வைக்கவில்லை.

2001ஆம் ஆண்டில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. அது எங்களைச் சேர்த்தது என்று சொன்னால் பாதி உண்மை. சேர்த்து உட்கார வைத்தது என்பதே பொருத்தம். மாதம் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அக்காளின் கணவரிடம் நல்ல கார் இருந்தது. ஆனால் அதன் இருக்கை தாழ்ந்தது. அம்மாவைக் குனியவைத்து, காலை மடக்கி, தலையைக் காத்து உள்ளே செலுத்துவதற்குள் அவர் அழுதுவிடுவார். வேனிலோ பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு அகன்றது. இருக்கை நாற்காலியின் உயரம். தரைதான் சற்று மேலே இருந்தது. அதற்காகப் பழைய கட்டிற்பலகையில் ஒரு படி செய்தேன். இரண்டு சாண் அகலம். வழுக்காமலிருக்க மேலே பழைய டயர் ரப்பரைத் துண்டாக அறுத்து ஆணியடித்தேன். அம்மா நல்ல காலை அதில் ஊன்றி, அக்காளின் தோளைப் பற்றி, ஒரே மூச்சில் ஏறிவிடுவார். பின் பெரிய கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வருவார். "உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம் போல" என்று ஒருமுறை சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

புறப்படுமுன் நான் ஆட்களை எண்ணுவது வழக்கம். அக்காள் என் முகத்தைப் பாராமல், "கண்டக்டர் எண்ணி முடித்தாயிற்றா?" என்பாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

2007இல் அம்மா காலமானார். 2009 ஜனவரி முதல் தேதியிலிருந்து காரின் பின்னிருக்கையில் உள்ளவரும் இருக்கை வார் அணிய வேண்டுமென்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. வார் பொருத்த வழியில்லாத பழைய வண்டிகளுக்கு விலக்கு உண்டு. எங்கள் வண்டியின் பின்வரிசைகளில் வார் இல்லை. சட்டம் எங்களை விட்டது. என் மனம் விடவில்லை. பட்டறைக்காரரிடம் சென்று வார் பூட்டித் தரச் சொன்னேன். அவர் நேர்மையான மனிதர். "தரைத் தகட்டில் துளை போட்டுப் பூட்டித் தர ஐந்து நிமிடம் போதும். ஆனால் மோதலில் ஆளின் பாரம் பல மடங்காகும். தகடு கிழிந்து வாரோடு வந்துவிடும். அடியில் தடித்த இரும்புத் தட்டு வைத்து முறையாகச் செய்ய வேண்டும். இந்தத் துருப்பிடித்த தரை அதைத் தாங்காது. காட்டிக்கொள்ள வேண்டுமானால் பூட்டுகிறேன்" என்றார். வேண்டாமென்று திரும்பினேன்.

அதே ஆண்டில் புரோட்டான் எக்ஸோராவும் பெரோடுவா அல்சாவும் வந்தன. மூன்று வரிசை, ஏழு இருக்கை, முன்னே மூக்கு. வேனின் வேலையைச் செய்துகொண்டு காரின் முகத்தோடு நிற்கும் வண்டிகள். மண்டபத்தின் முன்வாசலில் அவற்றை நிறுத்தலாம். பிள்ளைகளும் இருவர் வெளியூர் சென்றுவிட்டார்கள். 2011இல் வேனை விற்றேன். வாங்கியவர் பூச்செடி வியாபாரி. அவர் பின்னிருக்கைகளைக் கழற்றித் தரையை அளந்து பார்த்துவிட்டு, "இது எதற்கு?" என்று மரப்படியை எடுத்துக் காட்டினார்.

நான் பதில் சொல்வதற்குள் அக்காள் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். மேலிருந்த ரப்பரைக் கையால் துடைத்தாள். பிறகு தன் மகனைக் கூப்பிட்டு, அவன் காரின் பின்பெட்டியில் அதை வைக்கச் சொன்னாள். மோவாயில் தழும்புள்ள அந்தப் பையனுக்கு அப்போது வயது பதினெட்டு; புதிதாக லைசென்சு எடுத்திருந்தான். காரில் நாங்கள் நால்வர் ஏறினோம். அவன் சாவியைத் திருப்புமுன் கண்ணாடியில் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். அக்காள் ஒன்றும் சொல்லவில்லை.