ராத்தாவோடு ஒரு கப்பற் பயணம்

ஏறாவூரில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் புதிதல்ல. ஒரு பக்கம் மட்டக்களப்பு வாவி. மறுபக்கம் புன்னைக்குடாக் கடல். சிறு வயதில் வாப்பாவோடு தோணியில் ஏறி எத்தனையோ தடவை வாவியைக் கடந்திருக்கிறேன். ஆனால், போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்றில்லாமல், உல்லாசத்துக்கென்றே கப்பலேறிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது எங்கள் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். அதை என் ராத்தா செய்தார். துணைக்கு நானும் போனேன்.

ராத்தாவின் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். மருமகளின் பிரசவத்துக்காக ராத்தா அங்கு போயிருந்தார். நாற்பது கழிந்ததும், "உம்மாவ ஒரு கப்பல்ல அனுப்பணும் மாமா. எனக்கு லீவு கிடைக்கல்ல. நீங்க வந்தாத்தான் அவ போவா" என்று மருமகன் தொலைபேசியில் சொன்னான். 2024 இறுதியில் பாடசாலை விடுமுறை. டிக்கட், விசா எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொண்டான். போய்வர ஒரு வாரம். அதில் ஐந்து இரவுகள் கப்பலில்.

கப்பலின் பெயர் ஜென்டிங் ட்ரீம். ஜெர்மனியில் கட்டப்பட்டு 2016 இல் கடலுக்கு வந்தது. நீளம் 335 மீற்றர். பதினெட்டுத் தட்டுகள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளுக்கும், ஏறக்குறைய இரண்டாயிரம் பணியாளருக்கும் இடமுண்டு. துறைமுகத்தில் நின்று அண்ணாந்து பார்த்த ராத்தா, "இது கப்பலா தம்பி, ஊரா?" என்று கேட்டார்.

ஏறியதும் முதலில் நடந்தது பாதுகாப்புப் பயிற்சி. ஏழு சிறிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் குறித்த இடத்தில் கூட வேண்டும் என்றார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கொஸ்டா கொன்கோடியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். அதற்குப் பிறகுதான் இந்தப் பயிற்சியைப் புறப்படுமுன்பே நடத்திவிட வேண்டும் என்று உலகெங்கும் விதி வந்தது. ராத்தா உயிர்காப்பு அங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓத வேண்டியதை ஓதி ஊதிக்கொண்டார்.

ஹலால் உணவுக்குக் குறைவில்லை. சூதாட்டக்கூடமும் இருந்தது, அந்தப் பக்கம் தலை வைக்காமலே ஐந்து நாளையும் கழிக்கலாம். கப்பலில் தொழுவதைப் பற்றி அறபுக் கல்லூரியில் கிதாபிலே ஓதியிருக்கிறேன். முடிந்தவரை நின்று தொழ வேண்டும். தலைசுற்றினால் உட்கார்ந்து தொழலாம். கப்பல் திரும்பினால் கிப்லாவின் பக்கம் நாமும் திரும்ப வேண்டும். ஓதி இருபது வருடங்களுக்குப் பிறகுதான் அந்தப் பாடத்தை அமல் செய்யும் வாய்ப்பு வந்தது. இவ்வளவு பெரிய கப்பல் திரும்புவது தொழுகிறவனுக்குத் தெரிவதே இல்லை. திசைகாட்டியும் கையுமாக நான் பட்ட பாட்டைப் பார்த்து ராத்தா சிரித்தார்.

ஆனால், நான் எழுத வந்தது கப்பலைப் பற்றி மட்டுமல்ல.

முதல்நாள் ஸுபஹு தொழுதுவிட்டு மேல்தட்டுக்குப் போய்த் திரும்பினேன். அறையில் இரண்டு கட்டில்களும் சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருந்தன. குளியலறை பளபளத்தது. துவாய்களை மடித்து அடுக்கி வைத்துவிட்டு ராத்தா சும்மா உட்கார்ந்திருந்தார். "இதுக்கெல்லாம் ஆள் இருக்கு ராத்தா" என்றேன். "இரிக்கட்டும். எனக்குப் பழக்கம்தானே" என்றார்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அறை துப்புரவு செய்யும் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், இந்தோனேசியாவின் ஜாவாவைச் சேர்ந்தவர். அறையைப் பார்த்துத் திகைத்து நின்றார். என் ஆங்கிலம் அவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. ராத்தா என்ன நினைத்தாரோ, சட்டென்று அறபியில் ஒரு வார்த்தை கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. கப்பலுக்கு வருமுன் ஜித்தாவில் இரண்டு வருடம் வீட்டுவேலை செய்திருக்கிறார்!

பிறகு இருவரும் பேசத் தொடங்கினார்கள். அது கிதாபு அறபி அல்ல. இலக்கணமில்லாத, குசினி அறபி. ஏழு வருடம் அறபு ஓதிப் பட்டம் பெற்ற நான் பாதி விளங்காமல் பக்கத்தில் நின்றேன். "நான் செய்யிற வேலைய நீங்க செஞ்சா எனக்கு என்ன வேலை என்டு கேக்கிறா. அவட மகளுக்கு ஆறு வயசாம். உம்மாவோட விட்டுட்டு வந்திருக்கா" என்று ராத்தா எனக்கு மொழிபெயர்த்தார். சொல்லும்போது குரல் மாறிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். 1990 ஆகஸ்ட் 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்டோர் புலிகளால் கொல்லப்பட்டார்கள். ராத்தாவின் கணவரும் அவர்களில் ஒருவர். மகனுக்கு அப்போது மூன்று வயது. நான்கு வருடம் உறவினர் வீடுகளில் நெல் குத்திக் கொடுத்தும், இடியப்பம் அவித்து விற்றும் பார்த்தார். 1994 இல், ஏழு வயது மகனை உம்மாவிடம் விட்டுவிட்டு, வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்கு விமானம் ஏறினார். பதினொரு வருடங்கள். அந்தப் பணத்தில் அவருடைய மகன் மட்டும் படிக்கவில்லை, நானும் படித்தேன். அறபுக் கல்லூரியில் நான் உடுத்திய ஜுப்பாவும் ஓதிய கிதாபுகளும் அந்தப் பணம்தான்.

நான்காம் நாள் பினாங்கு. கப்பல் மேடையிலிருந்து நடக்கும் தூரத்தில் கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த காதர் முகைதீன் என்பவரின் முயற்சியால் 1801 இல் உருவானது. அங்கே ளுஹர் தொழுதோம். வாசலில் தமிழ் பேசும் பெரியவர் ஒருவர், தன் வாப்பா நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்த கதையைச் சொன்னார். 1926 இல் கட்டப்பட்ட ரஜுலா, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆட்களைச் சுமந்தது. தொடக்கத்தில் தட்டுப் பயணிகள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் ஏற அனுமதி இருந்ததாம். பாயும் பெட்டியுமாக வெறுந்தட்டில் ஒரு வாரம். நாங்கள் குளிரூட்டிய அறையில் வந்த அதே கடல்தான். "பொழைக்கப் போறவங்க ஏறுறதும் கப்பல்தான், பொழுதுபோக்க ஏறுறதும் கப்பல்தான்" என்றார் ராத்தா.

அன்றிரவு மேல்தட்டில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தோம். மலாக்கா நீரிணையில் தூரத்துக் கப்பல்களின் விளக்குகள் தெரிந்தன. பல வருடமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்ல அந்த இருட்டு தைரியம் தந்தது.

பட்டம் பெற்று வந்த புதிதில், எங்கள் பள்ளிவாசலில் நான் செய்த முதல் பயான், மஹ்ரம் இல்லாமல் வெளிநாடு செல்லும் பெண்களைப் பற்றியது. சூடாகப் பேசினேன். ஊர் மெச்சியது. அப்போது ராத்தா குவைத்தில் இருந்தார். "ராத்தா, அந்த பயான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். உம்மா கேஸட் அனுப்பினாவே" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

"நல்லாத்தான் பேசியிருந்தாய். ஒண்ட குரல் மௌத்தான நம்மட வாப்பாட குரல் மாதிரியே இருந்திச்சி. அதுக்காகவே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டன், குசினில வெச்சி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மார்க்கச் சட்டத்தை நான் மாற்றிச் சொல்ல வரவில்லை. ஆனால், அவர் போகாமல் இருப்பதற்கு ஒரு வழியை நாங்கள் யாராவது செய்து கொடுத்தோமா? இத்தாவில் இருந்த விதவைக்கும் அநாதைக் குழந்தைக்கும் உரியதைக் கொடுக்கும் கடமையை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் கடமையை மட்டும் ஒலிபெருக்கியில் சொன்னேன். அவர் அனுப்பிய பணத்தில் ஓதிவிட்டுச் சொன்னேன். உல்லாசப் பயணத்துக்கு மஹ்ரமாகப் போக என்னால் முடிந்தது. வயிற்றுப்பாட்டுக்கு அவர் போன அன்று பக்கத்தில் யாருமில்லை.

திரும்பி வந்த பிறகு ஒன்று படித்தேன். கப்பல் தொழிலாளருக்கென்று 2013 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. ஒரு நாளில் 14 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ராத்தாவிடம் சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு அப்பிடி ஒரு கணக்கு இருக்கிறது நல்லம். எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இருக்கல்ல" என்றார்.

கடைசிக் காலையிலும் ராத்தா வழக்கம்போல் விழித்தார். கட்டிலை விரிக்கக் கை போயிற்று. பிறகு தானாகவே நின்றுவிட்டார். அந்தப் பெண் வந்து அறையைத் துப்புரவு செய்து முடிக்கும்வரை பேசிக்கொண்டே காத்திருந்தார். தன் பெட்டியிலிருந்து மருதமுனைக் கைத்தறிச் சேலையை எடுத்து, "இது மகளுக்கு, பெரியவளானதும்" என்று அந்தக் குசினி அறபியில் சொல்லிக் கொடுத்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

கப்பல் எப்படி இருந்தது என்று மகன் கேட்டபோது ராத்தா சொன்னது இவ்வளவுதான்: "நல்லா இரிந்திச்சி மனே. ஒரு புள்ளைய சந்திச்சன்."

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் இப்படித் திரும்பி வந்த ஒரு ராத்தா இருப்பார். அவரை ஒருநாள் உட்காரவைத்து, நீங்கள் பிளேன்டி ஊற்றிக் கொடுத்து, பேசச் சொல்லிக் கேளுங்கள். சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது நாம்தான். எனக்கு அது இருபது வருடம் பிந்திக் கிடைத்தது.