மிருதனும் வாளையார் செக்போஸ்டும்

ஸாம்பி படம் என்றாலே எனக்கு அலர்ஜி. முகம் அழுகின ஆட்கள் உறுமிக்கொண்டு வர, ஹீரோ சுட்டுக்கொண்டே போக, இதுக்கு எதுக்குய்யா டிக்கெட் காசு என்று கேட்கிற ஆள் நான். அதனால் 2016-இல் 'மிருதன்' வந்தபோது தியேட்டர் பக்கமே போகவில்லை. போதாக்குறைக்கு இயக்குநர் சக்தி சௌந்தர் ராஜனின் முதல் படம் 'நாணயம்' (2010) பேங்க் கொள்ளைக் கதை. தொழில்முறைப் பகை :-)

கடைசியில் பார்த்தது 2020 மே மாதம், வாளையார் வீட்டில், டிவியில். சும்மா சொல்லக்கூடாது, அசந்துவிட்டேன்.

கதை தெரியாதவர்களுக்கு: ஊட்டி ட்ராஃபிக் போலீஸ் கார்த்திக் (ஜெயம் ரவி). டாக்டர் ரேணுகா (லட்சுமி மேனன்) மேல் ஒருதலைக் காதல். கசிந்து கிடந்த ஏதோ ரசாயனத்தைக் குடித்த நாய் ஒருவரைக் கடிக்க, அவர் அடுத்தவரைக் கடிக்க, ஊரே மிருதனாகிறது. (மிருகம் + மனிதன். பேர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்.) மருந்து தேடி கோவைக்கு வருகிறார்கள். எங்களுக்கும் கோவைக்கும் 25 கிலோமீட்டர் சொச்சம்தான். "அப்பா, அடுத்து நம்ம செக்போஸ்ட்தானே?" என்றாள் பத்து வயசு மகள். மிருதனுக்குத் தண்ணீர் என்றால் பயமாம். ஜூனில் இங்கே அடிக்கிற மழையில் ஒருத்தனும் பாலக்காடு போய்ச் சேரமாட்டான் என்று தைரியம் சொன்னேன்.

இசை இமான். 'மைனா', 'கும்கி' என்று கேட்டுப் பழகின காது, இவருக்கு ரத்தக்களறியில் என்ன வேலை என்றுதான் நினைத்தது. 'முன்னாள் காதலி' பாட்டுக்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் 'மிருதா மிருதா'. மதன் கார்க்கி எழுதியது. பாடியவர் ஸ்ரீராம் பார்த்தசாரதி, 'தங்க மீன்கள்' படத்தில் 'ஆனந்த யாழை' பாடினாரே, அவரேதான். மகளைக் கொஞ்சின குரலைக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். அலறல் போட வேண்டிய படத்தில் மெலடி. எதிரே நிற்பது பேய் இல்லை, நோய் வந்த மனுஷன், அவனுக்கும் யாரோ இருக்கிறார்கள் என்று அந்தப் பாட்டில்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் 'வார்ம் பாடீஸ்' (2013) என்ற இங்கிலீஷ் படத்தையும் தேடிப் பார்த்தேன். அதில் ஹீரோவே ஸாம்பி. கைவிட்ட விமானத்துக்குள் குடியிருக்கிறான், பேச வராததால் அந்தப் பெண்ணுக்குப் பழைய இசைத்தட்டு போட்டுக் காட்டுகிறான். அழகான யோசனை. ஆனால் என் ஓட்டு இமானுக்கே.

குறை இல்லாமல் இல்லை. ட்ராஃபிக் போலீஸ் கமாண்டோ மாதிரி குறி தவறாமல் சுடுவதை எல்லாம் கண்டுகொள்ளக்கூடாது.

நாங்கள் பார்த்த நேரமும் அப்படி. அந்த மே மாதத் தொடக்கத்தில்தான் பாஸ் இல்லாமல் வந்த மலையாளிகள் வாளையாரில் மாட்டிக்கொண்டார்கள். சொந்த மாநிலத்து வாசலில், வெயிலில், குழந்தை குட்டிகளோடு. எங்கும் ஒரே கேள்வி, "பாஸ் உண்டோ?" கோவில்பட்டியில் அம்மா தனியாக. போன் போட்டால், "வராதய்யா, நீ அங்கனயே இரு. எனக்கு ஒண்ணுமில்ல" என்பார், இருமலை அடக்கிக்கொண்டு.

பேங்குக்கு லீவு கிடையாது. பகல் பூரா பல கை மாறின நோட்டு. சாயந்தரம் வீட்டு வாசலில் தங்கமணி பக்கெட்டும் சோப்பும் வைத்திருப்பாள். குளித்துவிட்டு முன்னறையில் தனிப்பாய், தனித்தட்டு. படத்தைக்கூட அவர்கள் உள்ளறை வாசலில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

படத்தில் கார்த்திக்கையும் தொற்று பிடிக்கிற கட்டம் வந்தது. மகள் கேட்டாள், "அப்பா, உங்களுக்கு கொரோனா வந்தா எங்களைக் கடிப்பீங்களா?"

"ஏய், என்ன பேச்சு!" என்றாள் தங்கமணி.

"கடிக்க மாட்டேன்டா. அவனும் அவளைக் காப்பாத்தத்தானே பார்க்கிறான்?"

"அப்ப ஏன் தனியா படுக்கறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. தங்கமணி ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டினாள்.

பார்க்காதவர்கள் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கடிக்கிற காட்சிகளுக்கு மட்டும் கண்ணைப் பொத்திவிடுங்கள். பாட்டு வரும்போது கையை எடுத்துவிடலாம்.