எல்ஃப் லொறிக்கு எல்ஈடி பின் லைட்: கேட்டவர்களுக்காக



எங்கள் வீட்டு லொறியின் பின் லைட்டுகளை எல்ஈடிக்கு மாற்றி ஒரு போகம் முடிந்துவிட்டது. லொறிக்காரர்கள், உழவு மெசின்காரர்கள், பழைய மாணவர்கள் என்று பலரும் இன்பொக்ஸில் கேட்டது ஒரே கேள்விதான்: "சேர், என்ன பல்ப் போட்டீங்க?" பல்பின் பெயரை மட்டும் சொன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் முடியாது. அதனால் முழுவதையும் ஒரே பதிவாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

லொறி, வாப்பா வாங்கிய பழைய இசுசு எல்ஃப். ஓட்டுகிறவர் தம்பி. சனிக்கிழமைகளில் ஸ்பேனர் பிடிக்கிறவர் பாடசாலைச் சேர். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் சம்மாந்துறைப் பக்கத்து நெல்லை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு, வாழைச்சேனை, வெலிக்கந்தை தாண்டிப் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போகிறது. மற்ற நாட்களில் செங்கல், விறகு, வீடு மாறுகிறவர்களின் சாமான். நெல் ஓட்டம் பெரும்பாலும் இரவில்தான். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்தபோது விலை எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே இருக்கிற லொறியைத்தான் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின் லைட்டைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு மாணவரின் வீடு. அவருடைய வாப்பா இஷாவுக்குப் பிறகு வயல் வீதியால் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். நெல் மூட்டை ஏற்றிய மெசின் பெட்டி ஒன்று ரயர் காற்றுப் போய் வீதியோரம் நின்றிருக்கிறது. அதற்குப் பின்னால் லைட்டும் இல்லை, பிரதிபலிக்கிற ஸ்டிக்கரும் இல்லை. பெட்டியின் மூலையில் மோதியதில் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மேசன் வேலை செய்தவர், இப்போது சாரம் ஏற முடியாது. நாங்கள் பார்க்கப் போனபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "சேர், இருட்டுத்தான் தெரிஞ்சிச்சி. இருட்டுக்குள்ள ஒண்டு நிக்கிதெண்டு தெரியல்ல."

வீட்டுக்கு வந்து எங்கள் லொறியின் பின்னால் போய் நின்று தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொன்னோம். இடது பக்கம் சோர்ந்த நெருப்புக்கொள்ளி மாதிரி எரிந்தது. வலது பக்கம் எரியும்போது சிக்னலும் சேர்ந்து லேசாக மினுங்கியது. முன் லைட் மங்கினால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். பின் லைட் மங்கினால் தெரியப்போவது அடுத்தவருக்கு. அவர் வந்து சொல்வதற்கு வாய்ப்புக் கிடைக்காமலும் போகலாம்.

ஒரு லொறியின் பின்பக்கம் பின்னால் வருகிறவரிடம் மூன்று விசயத்தைச் சொல்ல வேண்டும். இங்கே இருக்கிறேன். வேகம் குறைக்கிறேன். இந்தப் பக்கம் திரும்புகிறேன். மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாமல் கேட்க வேண்டும். நாங்கள் செய்த வேலை எல்லாவற்றுக்கும் இதைத்தான் அளவுகோலாக வைத்தோம்.

வயரிங் பாஸிடம் கொண்டு போனோம். அவருக்கு அறுபது வயது இருக்கும். எல்ஈடி என்றதும் சிரித்தார். "பல்ப மாத்துறத்துக்கு முந்தி எர்த்தப் பாருங்க சேர். எர்த் சரியில்லாட்டி தங்கத்துல பல்ப் போட்டாலும் அதான்."

அவர் சொன்னதே சரி. பின் லைட்டின் எர்த் வயர் செஸியில் ஒரு போல்ட்டில் பிடித்திருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அந்த இடத்தைத் தின்றுவிடும். திரும்பிப் போக நல்ல வழி கிடைக்காத மின்னோட்டம் பக்கத்து பல்பின் இழை வழியாகப் பாதை தேடும். பிரேக் மிதிக்கச் சிக்னல் மினுங்கியது அதனால்தான். பாஸ் மீற்றரின் ஒரு முனையை லைட்டின் எர்த்திலும் மற்றதை பெட்டரியின் மறை முனையிலும் வைத்து, பிரேக்கை மிதிக்கச் சொன்னார். கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 3 வோல்ட் காட்டியது. அது பல்புக்குப் போய்ச் சேராமல் வழியில் தொலைகிற வோல்ட். இழை பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 வீதம் குறையும்.

துருவை எமரி பேப்பரால் தேய்த்து, புது வயர் போட்டு, கிரீஸ் பூசி இறுக்கினார். பழைய பல்ப்தான். பளிச்சென்று எரிந்தது.

தம்பி கேட்டான்: "இப்ப என்னத்துக்கு காக்கா எல்ஈடி? இது போதும்தானே."

நியாயமான கேள்வி. உங்களில் பலருக்கும் இதுவே போதும். எர்த்தையும் லென்ஸையும் சரிசெய்து, நல்ல இழை பல்ப் போட்டாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். பணம் இல்லையென்றால் அதோடு நிறுத்துங்கள். நாங்கள் மேலே போனதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, அதிர்வு. தங்ஸ்தன் இழை முடியளவு மெல்லியது. பாரம் ஏற்றிக்கொண்டு வயல் வீதியில் குலுங்கினால் அறுந்துவிடும். அறுந்தது வழியில் யாருக்கும் தெரியாது. எல்ஈடியில் அறுவதற்கு இழையே இல்லை. விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் அதன் பெயர் ஒளிகாலும் இருவாயி. மின் பாய்ந்ததும் ஒளி வருகிறது. சூடாகிச் சிவக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது காரணமும் அந்தக் காத்திருப்புத்தான். இழை பல்ப் முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 விநாடி எடுக்கும். எல்ஈடி நம் கண்ணளவில் உடனே எரியும். இதைத் தரம் பத்துக்குக் கணக்காகக் கொடுத்தோம். அந்த மாணவர் வகுப்பில் இருந்ததால் லொறியை பஸ்ஸாக மாற்றிக் கொடுத்தோம். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு 16.7 மீற்றர். 0.2 விநாடியில் 3.3 மீற்றர். ஒரு மோட்டார் சைக்கிளின் நீளத்தைவிட அதிகம். முதலில் விடையைக் கொண்டுவந்து காட்டியவர் அந்த மாணவர்தான். கொப்பியைத் திரும்ப வாங்கும்போது, "லொறிக்கும் இதே கணக்குத்தானே சேர்?" என்றார். "ஓம்" என்றோம். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

இனி, வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை.

வோல்ட். கார், முச்சக்கரவண்டி எல்லாம் 12 வோல்ட். எங்கள் லொறியில் இரண்டு 12 வோல்ட் பெட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட். என்ஜின் ஓடும்போது 28 வரை போகும். 12 வோல்ட் எல்ஈடியை இதில் போட்டால் உடனேயே கருகிவிடும். உறையில் 24 வோல்ட் அல்லது 10–30 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறம். கடைகளில் வெள்ளை எல்ஈடியைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள். கையில் பார்க்கும்போது அதுதான் கண்ணைப் பறிக்கும். ஆனால் சிவப்பு லென்ஸ் சிவப்பை மட்டும்தான் வெளியே விடும். வெள்ளை எல்ஈடியின் ஒளியில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும். மிச்சமெல்லாம் லென்ஸுக்குள்ளேயே நின்றுவிடும். சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்ஈடி, மஞ்சள் லென்ஸுக்கு மஞ்சள் எல்ஈடி. ஒன்றை மறக்க வேண்டாம்: சில லைட்டுகளின் அடியில் நிறமில்லாத ஒரு சிறு ஜன்னல் இருக்கும், இலக்கத் தகட்டுக்கு வெளிச்சம் கொடுக்க. அங்கே சிவப்பு எல்ஈடி போட்டால் இலக்கத் தகடு சிவப்பாகிவிடும். அதற்குத் தனியாக ஒரு வெள்ளை லைட் வேண்டும்.

பார்க் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் இடையிலான வித்தியாசம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எங்கள் லொறியில் இருந்த பல்ப் 21/5. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை. 5 வாட் இழை பார்க் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. மிதித்ததும் வெளிச்சம் துள்ளி எழும். அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர் பிரேக்கைப் பிடிக்கிறார். மலிவான சில எல்ஈடிகளில் பார்க் லைட்டே பிரேக் மாதிரி எரிகிறது. மிதித்தால் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். முதலில் பரீட்சித்துப் பார்த்த ஒரு சோடி இப்படித்தான் இருந்தது. கிட்ட நின்று பார்த்தால் அழகு. தூரத்தில் போய் நின்றால் லொறி ஓடுகிறதா, நிற்கப் போகிறதா என்று சொல்ல முடியவில்லை. கடைக்காரரிடம் சொல்லி வேறு சோடி எடுத்தோம்.

பக்கவாட்டு வெளிச்சம். இழை பல்ப் சுற்றிவர ஒளி விடும். உள்ளே இருக்கிற பளபளப்பான கிண்ணம் அதைச் சேர்த்துப் பின்னால் அனுப்பும். நுனியில் மட்டும் சில்லு வைத்த எல்ஈடி அந்தக் கிண்ணத்தைப் பயன்படுத்தாது. நேர் பின்னால் நின்றால் நல்ல வெளிச்சம், சரிந்து நின்றால் இருட்டு. வளைவுகளில் வருகிறவருக்கு அது ஆபத்து. சுற்றிலும் சில்லு உள்ளதை எடுங்கள்.

சிக்னல் வேகம். எல்ஈடி போட்டதும் சிக்னல் படபடவென்று அடிக்கும். பழைய பிளாஷர் மின்னோட்டத்தின் அளவைப் பார்த்து வேலை செய்கிறது. 21 வாட் பல்ப் 24 வோல்ட்டில் ஏறக்குறைய 0.9 அம்பியர் எடுக்கும். எல்ஈடி அதில் சிறு பங்குதான் எடுக்கும். பல்ப் ஒன்று போய்விட்டது என்று பிளாஷர் நினைத்துக்கொள்கிறது. சிலர் தடை ஒன்றைப் போட்டு இழை பல்பின் அளவுக்கு மின்னை வீணாக்குவார்கள். அது கை சுடுமளவுக்குச் சூடாகும். மரப் பொடிக்குப் பக்கத்தில் வைப்பது நல்லதல்ல. எல்ஈடிக்கென்று வருகிற இலத்திரன் பிளாஷரைப் போடுவதே சுத்தமான வேலை. நாங்கள் அதைத்தான் போட்டோம்.

லென்ஸ். வெயிலில் வெளிறிய, வெடித்த லென்ஸுக்குள் எந்த பல்பும் சரிவராது. புதியது கிடைக்காததால் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய சோடி ஒன்றை எடுப்பித்தோம். கணக்குப் பார்த்தால் பல்புக்குப் போனதைவிட லென்ஸுக்கும் வயருக்கும் போனதே அதிகம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பரீட்சை. நல்ல வெயிலில் ஒருமுறை, மஃரிபுக்குப் பிறகு ஒருமுறை, நூறு அடி வைத்துத் தள்ளிப் போய் நின்று பார்த்தோம். உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். லைட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரின் கண் வேண்டும். தம்பி எதைப் போட்டாலும் உம்மா சொன்னார்: "இப்ப நிப்பாட்டுறான். இப்ப இந்தப் பக்கம் திரும்புறான்." ஒன்றும் பிழைக்கவில்லை. அதோடு வேலை முடிந்தது என்று எடுத்தோம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எல்ஈடி என்றதும் பிரேக் மிதிக்கும்போது படபடவென மின்னுவதும், நீலமும் பச்சையுமாகப் பின்னால் ஓடுவதும் சிலருக்கு ஆசை. 2025 ஜனவரியில் பொலிஸார் இப்படியான மேலதிக லைட்டுகளைக் கழற்றச் சொன்னபோது பலர் கோபப்பட்டார்கள். அழகு செய்கிற ஆசை எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண் கூசினால், லொறிக்கு அப்பால் நடந்து போகிறவரை அவர் காணமாட்டார்.

கடைசியாக ஒன்று. பெட்டரி இறங்கினால், வயர் அறுந்தால், எல்ஈடியும் இருட்டுத்தான். சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கருக்கு பெட்டரி தேவையில்லை. பின்னால் வருகிறவரின் வெளிச்சமே அதற்குப் போதும். லொறிக்கு ஒரு சுருள் வாங்கினோம். இரண்டு முழம்தான் தேவைப்பட்டது. மிச்சத்தைத் தம்பியும் அந்த மாணவரும் வயல் பக்கம் கொண்டுபோய், சொந்தக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, மெசின் பெட்டிகளின் பின் மூலைகளில் ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு முன் சேற்றைக் கழுவித் துடைத்தவர் மாணவர். ஒன்பது பெட்டிகளுக்குப் போதியது.

இன்னொரு சுருள் வாங்கி வைத்திருக்கிறோம். வெட்டுத் தொடங்குவதற்கு முன் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். காசு வேண்டாம். பெட்டியை மட்டும் கழுவிவிட்டு வாருங்கள்.